தாமதத்துக்குக் காரணம்

அவரோடு சேர்ந்து பஸ் ஏறுவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. ஒருமுறை கிருஷ்ணகிரி போவதற்காக ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் அவர் மனைவியும் நின்றோம். எனக்குக் கலெக்டர் ஆபீசில் ஒரு வேலை. அவர்களுக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் பஸ் வந்தது. படியில் காலை வைத்தவர், பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் மூட்டையோடு நின்ற ஒரு பெரியவருக்கு வழிவிட்டார். மூன்றாவது பஸ்ஸில் அவர் வழிவிட்டது கிண்ணென்று இருந்த ஒரு காலேஜ் பையனுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவனுக்கு என்னா கேடு? அவன எதுக்கு முன்னாடி விட்டீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படியே கத்தினேன்.

"பரீட்சையோ என்னமோக்கா, கைல அட்டை வெச்சிருந்தான். நம்மளுக்கு என்னா, அடுத்த வண்டி வராமலா போயிடும்? பர்வாலேதக்கா."

பர்வாலேது என்றால் தெலுங்கில் பரவாயில்லை. வீட்டில் தெலுங்கு பேசுவார், கம்பெனியில் கன்னடம் பேசுவார், எங்களோடு தமிழ் பேசுவார். எந்தப் பாஷையில் ஆரம்பித்தாலும் முடிக்கிற இடத்தில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. தீர்ப்பில் அப்பா பேரோடு, வயதோடு, கைதி எண்ணோடு போட்டிருக்கிறார்கள். அது போதும்.

எங்களுடையது கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் ஒட்டினாற்போல் எட்டு வீடுகள், எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு போர் குழாய், இரண்டு பாத்ரூம். முதல் வீட்டில் நான். நாலாவது வீட்டில் அவரும் அவர் மனைவியும். காலையில் அந்த இரண்டு பாத்ரூமுக்கு முன்னால் நடக்கும் சண்டையைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. எல்லோருக்கும் ஷிப்ட், எல்லோருக்கும் அவசரம். இவர் மட்டும் பக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே நிற்பார். கம்பெனி பஸ் போய்விடாதா என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் எட்டு வீட்டுக்கும் முன்னால் எழுந்துவிடுகிறாரே! வழிவிடுவதற்கென்றே ஒரு மணி நேரம் சீக்கிரம் எழுந்திருக்கிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். கம்பெனிப் பையன்கள் அவருக்கு லாஸ்ட்டு என்று பேர் வைத்தார்கள். "லாஸ்ட்டண்ணா, போலாமா?" என்பார்கள். "ஆவட்டும், நீங்க நடங்க" என்று சிரிப்பார்.

நல்ல உயரம். அந்த உயரத்தையே ஒரு தப்பு மாதிரி நினைத்துக் கூனிக்கொண்டு நிற்பார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தால் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்து, தோளை ஒடுக்கி, பக்கத்து ஆளுக்கு முக்கால் சீட்டை விட்டுவிடுவார். நம் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விட மாட்டார், மற்றவர்கள் விடுவதற்கு இடம் வேண்டுமாம், தெருவிலேயே கழற்றிவிட்டு வருவார். ஒருநாள் நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. வெறுங்காலோடு திரும்பிப் போனார். அதற்கும் பர்வாலேதுதான்.

அவரை நல்ல மனுஷன் என்று நான் கொண்டாடினேனா என்றால் இல்லை. எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் மனைவிக்கு அதைவிட. அவள் துணிக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள், ஒரு நாளைக்கு இத்தனை உருப்படி என்று கணக்குச் சொல்லி உயிரை வாங்குகிற இடம். "இந்த மனுசனக் கட்டிக்கினு நானும் கடைசிலயே நிக்கறேங்க்கா" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. அவர் ஒன்பது வருஷம் ஒரே கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். ஒருநாள் சூப்பர்வைசர் அவரையும் இன்னொருவரையும் கூப்பிட்டு, இரண்டு பேரில் ஒருவரைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேலே இருந்து வந்திருக்கிறது, நீங்கள்தான் சீனியர் என்றாராம். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "அவனுக்கு ரெண்டு பொண்ணு சார். எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. அவனுக்குக் குடுங்க, அப்புறம் ஒண்ணு வந்தா நான் பாத்துக்கறேன்." அப்புறம் ஒன்று வரவே இல்லை. அடுத்த வருஷமே கான்ட்ராக்ட் ஆட்களை வெளியே அனுப்பினார்கள். பர்மனென்ட் ஆனவர் இப்போது சொந்த வீடு கட்டி, மாடியில் வாடகைக்கு விட்டிருக்கிறார். இவர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆலையில்தான் அது நடந்தது. சீசன் முடிகிற நேரம். ஒயர் திருட வந்தான் என்று சுவரேறிக் குதித்த ஒருவனை ஆட்கள் பிடித்து அடித்திருக்கிறார்கள். எத்தனை பேர் அடித்தார்கள் என்பது இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அடி பலமாகிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஓடாதவர் இவர் ஒருவர்தான். சத்தம் கேட்டு லோடிங் பக்கத்திலிருந்து வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். முன்னால் தள்ளிக்கொண்டு போய் ஒருத்தன் கையையாவது பிடித்தீர்களா என்று நான் பிறகு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். அன்றைக்கு ஒருநாள் அவர் முண்டியடித்திருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பானோ என்னவோ.

ஓடியவர்கள் ஓட, இவர் அவனைத் தூக்கித் தோளில் போட்டு, ரோட்டுக்கு வந்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கொண்டு வந்தது யார் என்று கேட்டார்கள். பேர், ஊர், விலாசம் எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவன் அன்றைக்கே செத்துப்போனான். சட்டை முழுக்க ரத்தத்தோடு நின்ற இவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அப்புறம் இன்னும் மூன்று பேரைப் பிடித்தார்கள். ஆக வழக்கில் நாலு பேர், இவர் நாலாவது.

இங்கே நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக மனு, அபிடவிட், வக்காலத்து என்று அடித்துத் தள்ளியவள். முதலில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். புதிதாக வருகிற வக்கீல்கள் எதை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஜட்ஜ் முன்னால் போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மறைக்கவில்லை.

மற்ற மூன்று பேருக்கும் வீட்டார் வக்கீல் வைத்தார்கள். இவருக்கு யார் வைப்பது? மனைவியின் சம்பளம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாக இருந்தது. அரசாங்கச் சட்ட உதவியில் ஒரு சின்னப் பெண்ணைப் போட்டுக் கொடுத்தார்கள். படித்து முடித்து இரண்டு வருஷம்கூட ஆகாத பெண். வக்கீல் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பாவம், அவள் கேஸ் கட்டைக் கரைத்துக் குடித்திருந்தாள். ஆனால் எதிரே நின்ற மூன்று பேரும் நரை விழுந்த வக்கீல்கள். அவர்கள் ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். எங்கள் ஆள் அங்கே இல்லை, நாலாவது ஆள்தான் இருந்தான்.

சாட்சிகளை விசாரித்து முடித்ததும் ஜட்ஜ் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பார்த்து, இதற்கெல்லாம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார். அதுதான் அவர்கள் வாயைத் திறக்கிற நாள். கடையைச் சாத்திவிட்டு நான் போய் உட்கார்ந்திருந்தேன். முதல் மூன்று பேரும் சொல்லிக் கொடுத்தபடி "பொய்சாட்சி, நான் அங்க இல்ல" என்று அளந்து அளந்து சொன்னார்கள். இவர் முறை வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தார். அதை இவர் பார்த்துவிட்டார்.

"ஐயாவுக்கு நேரமாவுதுங்களா? பர்வாலேதுங்க. நான்தான் தூக்கிக்கினு போனேன். அவ்ளோதாங்க."

வக்கீல் பாப்பா எழுந்து நின்று இன்னும் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினாள். போதும்மா என்பது போல அவளுக்கே தலையாட்டினார். ரெக்கார்டில் ஏறியது அந்த ஒரு வரிதான். மூன்று பேர் சந்தேகத்தின் பலனில் வெளியே போனார்கள். இவருக்குப் பத்து வருஷம்.

தீர்ப்பு வந்த அன்று வேனில் ஏற்றுவதற்கு முன்னால் வக்கீல் பாப்பா அவரிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நான் பக்கத்திலேயே நின்றேன். "அண்ணா, ஐகோர்ட்டுக்கு அப்பீல் போலாம். உங்க கேஸ்ல நல்ல பாயின்ட் இருக்கு. அடிச்சதப் பாத்த சாட்சி ஒருத்தர்கூட இல்ல. ஜெயிலுக்கு வாராவாரம் சட்ட உதவி வக்கீல் வருவாங்க. அவங்ககிட்டக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், காசு பணம் வேணாம். ஆனா அறுபது நாளைக்குள்ள போட்டுடணும். அறுபது நாள், ஞாபகம் வெச்சுக்கோங்க."

"ஆவட்டும்மா" என்றார்.

அந்த ஆவட்டும்மாவை நாங்கள் நம்பினோம். மனைவி விடுப்புக் கிடைத்தபோதெல்லாம் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தாள். அப்பீல் போட்டாச்சா என்று கேட்டால், "ஆயிடும், ஆயிடும், நீ அதப்பத்திக் கவலப்படாத" என்பாராம். எட்டு மாதம் கழித்து வக்கீல் பாப்பா வேறு ஒரு கேஸுக்காக ஜெயிலுக்குப் போனவள், இவரையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, அவர் இன்னும் அப்பீலே போடல."

"ஏனாம்?"

"க்யூல நிக்கறாராம். வக்கீல் வர்றது வாரத்துல ஒருநாள், ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள எத்தன பேரப் பாக்க முடியும்? இவரு ஒவ்வொரு வாரமும் போறாரு. ஒவ்வொரு வாரமும் பின்னாடி நிக்கறவங்கள முன்னாடி விட்டுடறாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் ஒரு நோட்டைத் திறந்து காட்டினாள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் வாரம், கண் சரியாகத் தெரியாத ஒரு பெரியவர். அடுத்த வாரம், மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்கிய ஒருத்தன். அதற்கடுத்து, உள்ளே வந்த நாளிலிருந்து அழுதுகொண்டே இருந்த சிங்காரப்பேட்டைக்காரர் ஒருத்தர். இப்படியே பக்கம் நிறைய. யாருடைய பேரையும் அவர் மறக்கவில்லை. பெரியவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, பிள்ளைத்தாச்சியின் புருஷனுக்குப் பரோல் கிடைத்தது என்று சந்தோஷமாக வேறு சொன்னாராம்.

நாள் தாண்டிப்போன அப்பீலை ஐகோர்ட் சும்மா எடுத்துக்கொள்ளாது. கூடவே ஒரு டிலே பெட்டிஷன் போட வேண்டும். ஏன் தாமதம் என்று ஒவ்வொரு நாளுக்கும் காரணம் காட்டி, சத்தியம் செய்து, தயவுசெய்து மன்னித்து என் அப்பீலைக் கேளுங்கள் என்று கேட்கிற மனு. அதை ஏற்றுக்கொண்டால்தான் கேஸ் கட்டையே பிரிப்பார்கள். வக்கீல் பாப்பா காரணத்தைக் கையால் எழுதி வைத்திருந்தாள். தன்னைவிட அவசரமானவர்கள் என்று தோன்றிய சக கைதிகளை ஒவ்வொரு முறையும் முன்னே அனுப்பியதால் என் முறை வரவில்லை. அதற்குக் கீழே வாரம் வாரியாக அந்தப் பேர்கள்.

படித்துவிட்டு நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

"ஏம்மா, இத ஐகோர்ட்டுல படிச்சா ஃபேனுகூடச் சிரிக்கும். எந்த ஊர்ல ஒருத்தன் தன்னோட பத்து வருஷத்த வெச்சுக்கினு அடுத்தவன முன்னாடி விடுவான்? நம்புவாங்களா?"

"உண்மை அதுதானே ஆன்ட்டி."

"உண்மைய வெச்சு என்னா பண்றது? நம்பற மாதிரி இருக்கணும். காமாலை போடு."

டிலே பெட்டிஷன் அடித்தவர்களுக்குத் தெரியும். தாமதத்துக்கு எங்கள் தொழிலில் ஒரே வியாதி, மஞ்சள் காமாலை. மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து சாப்பிட்டு, பத்தியத்தில் படுத்த படுக்கையாக இருந்ததால் வக்கீலைச் சந்திக்க முடியவில்லை. இந்த வரியை நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். நிலத் தகராறு, ஜீவனாம்சம், கடன் பத்திரம், எதுவாக இருந்தாலும் தாமதம் என்றால் காமாலைதான். எதிர்க்கட்சி வக்கீலும் போன வாரம் அதைத்தான் போட்டிருப்பார், ஜட்ஜும் வக்கீலாக இருந்தபோது அதைத்தான் போட்டிருப்பார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வக்கீல் பாப்பா தயங்கினாள். நான் விடவில்லை. "உன் வயசு இருக்கும் நான் டைப் அடிக்க வந்து. நான் அடிச்ச காமாலை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல" என்று அவள் வாயை அடைத்தேன். அவளுடைய காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இங்கிலீஷில் நானே அடித்தேன். தேதிகளை மட்டும் மாற்றினேன். அவள் அதை ஜெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனாள். வழக்கமாகப் போடுகிற காரணம் போட்டிருக்கிறோம் என்று சொன்னாளாம். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, பின்னால் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டாராம்.

எனக்குப் புத்தி எங்கே போனது? முப்பது வருஷமாக நான் காமாலை அடித்ததெல்லாம் வெளியே இருக்கிறவர்களுக்கு. அவர்கள் வீட்டில் படுத்திருந்தார்களா, ஊர் சுற்றினார்களா, யார் பார்த்தது? ஜெயிலில் ஒருவனுக்குத் தலைவலி வந்தால்கூட ஆஸ்பத்திரி நோட்டில் ஏறும். அரசு வக்கீல் ஒரே ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கிறார். பதில் வந்துவிட்டது. சொல்லப்படும் மாதங்களில் இந்தக் கைதிக்குக் காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஒருநாள் விடாமல் சமையல் கொட்டகையில் வேலை செய்திருக்கிறார்.

உத்தரவு இரண்டே பக்கம். வக்கீல் பாப்பா செல்போனில் எனக்கு அனுப்பினாள். கடையில் ஆள் நிற்க நிற்கப் படித்தேன். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் விளக்கப்படவில்லை. காட்டிய ஒரே காரணமும் பொய். மனுதாரர் பொய்யோடு இந்த நீதிமன்றத்தின் முன் வந்திருக்கிறார், அவருக்குச் சலுகை காட்ட முடியாது. மனு தள்ளுபடி. ஆகவே அப்பீலும் நிராகரிக்கப்படுகிறது. ஆலையைப் பற்றியோ, செத்துப்போன பையனைப் பற்றியோ, அடித்ததைப் பார்த்த சாட்சி இல்லை என்பதைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை. கடைக்கு வந்தவரைப் போகச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அவர் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். காமாலை அடித்தது நான்தான், வக்கீல் பாப்பா உண்மையைத்தான் எழுதியிருந்தாள் என்பதையும் சொன்னேன். என்னைப் பிடித்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் களைந்த தண்ணீரைக் கொட்டக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"கேஸப் படிச்சுப் பாத்துட்டு, நீதான் செஞ்சன்னு சொல்லியிருந்தா மனசு ஆறும்க்கா. படிக்கவே இல்லையே. யாருமே படிக்கலையே."

பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க" என்றாள். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து கைதிகளைப் பார்க்க விடும் மனு நாளில் அவளோடு நானும் ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இருபது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "என்னாத்துக்குக்கா கடைய விட்டுட்டு இவ்ளோ தூரம்?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கூச்சலில் என் பாவத்தை நானே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் காதை வலையோடு ஒட்டி வைத்துக் கேட்டார். வழக்கம் போல ஒரு பர்வாலேது வரும் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் காத்திருந்தேன்.

வரவில்லை.

"நான் பொய் சொன்னேன்னா போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

"கொன்னேன்னு சொன்னாங்க. சட்டைல ரத்தம் இருந்துச்சு, அத வெச்சு ஒருத்தர் அப்படி நெனைக்கலாம். இது அப்படி இல்லையேக்கா. நான் அந்தப் பாப்பாகிட்ட உள்ளதத்தான சொன்னேன்? ஒவ்வொருத்தர் பேரும் சொன்னேனே. அதையே அடிச்சிருக்கலாமில்ல?"

குரல் ஏறவில்லை. ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பத்து வருஷம் என்று தீர்ப்புச் சொன்ன அன்றைக்குக்கூட நான் அதைப் பார்க்கவில்லை. டில்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதலாம், பாப்பா தயாராக இருக்கிறாள், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"பொய்யின்னு எழுதி வெச்சுட்டாங்க. இனிமே நான் என்னா சொன்னாலும் யாருக்கா நம்புவாங்க?"

நேரம் முடிந்துவிட்டது என்று விரட்டினார்கள். அவர் மனைவிக்கு ஒரு வார்த்தை பேச நேரம் இல்லாமல் போனது. எல்லாவற்றையும் நானே பேசித் தீர்த்திருந்தேன். வலையிலிருந்து விலகும்போது மட்டும் அவர் திரும்பி, "அந்த ஆர்டரத் தமிழ்ல அடிச்சு அனுப்புங்கக்கா. என்னா போட்டிருக்குன்னு நானே படிச்சுக்கறேன்" என்றார். எனக்குத் தெரிந்து அவர் தனக்கென்று யாரிடமும் கேட்டது அது ஒன்றுதான்.

அடித்தேன். இரண்டு பக்கத்தையும் வரிக்கு வரி தமிழில் அடித்தேன். பொய்யோடு வந்திருக்கிறார் என்ற இடத்தில் கை நின்றது. அதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், அவருக்கு யார் சொல்லப் போகிறார்கள்? பிறகு, ஒருமுறை மாற்றி அடித்து நான் செய்தது போதும் என்று உள்ளபடியே அடித்தேன். முடித்ததும் கீழே இருந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதினேன். 'மேலே சொன்ன பொய் மனுதாரர் சொன்னது அல்ல. அவர் சொன்ன உண்மையை மாற்றி, அவருக்குத் தெரியாமல் இந்தப் பொய்யை அடித்தவள் நான்.' கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தினேன். இதற்கு எந்தக் கோர்ட்டிலும் காலணா மதிப்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? இது வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு வக்கீல் என் கடைப் படி ஏற மாட்டார் என்பதும் தெரியும். ஏறாவிட்டால் போகட்டும்.

ஜெயிலில் கடிதங்களைப் பிரித்துப் படித்துத்தான் உள்ளே விடுவார்கள். கிழித்துப் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. அவரைப் பார்த்துவிட்டு வந்த மனைவி ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே என் கடைக்கு வந்தாள்.

"அந்தக் காயிதம் வந்து சேந்துச்சாம்க்கா. பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்காரு. ரூமுக்குப் புதுசா யாரு வந்தாலும் எடுத்துக் காட்டறாராம். பாருங்க, இந்தப் பொய்ய நான் சொல்லல, டைப் அடிக்கற அக்கா கையெழுத்தே போட்டிருக்காங்கன்னு. படிக்கத் தெரியாதவங்களுக்கு அவரே படிச்சுக் காட்டறாராம்."

டில்லிக்குக் கையெழுத்துப் போடச் சம்மதித்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். விசாரணையில் உள்ளே இருந்த நாளையும் கழித்தால் இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.